சர்க்கரை இறங்கிய ஞாயிறு

வருஷா வருஷம் திருவாலங்காட்டு ஆலைக்கு டிராக்டர் டிராக்டராகக் கரும்பு அனுப்புகிற கண்ணையனுக்கு, திருத்தணியில் தன் சொந்த வீட்டில் சர்க்கரை போட்ட டீ ஒரு வாய் கிடையாது. பெண்டாட்டி தமயந்தி போட்ட சட்டம் அது. ஞாயிறுதோறும் நாலு மணிக்கு அவர் விரலில் ஊசி குத்தி, மிஷின் காட்டும் நம்பரைக் காலண்டரில் எழுதுவாள். முந்நூறுக்குக் கீழே அவர் வந்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க்கையெல்லாம் கூட்டினாலும் இவ்வளவு வராது என்று கேலி பேசுவாள். கடைசியில் ஒரு பந்தயம் வைத்தாள். நூற்றைம்பதுக்குக் கீழே இறக்கிக் காட்டினால் சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் டீ.

இந்த ஞாயிறு கிருத்திகை. தமயந்தியைப் போலத் தானும் விரதம் என்று காலையிலேயே அறிவித்துவிட்ட கண்ணையன், இட்லியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் மனுஷனுக்கு முருகன்மேல் பக்தி வந்துவிட்டதே என்று தமயந்திக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மதியம் பள்ளிப்பட்டிலிருந்து அவள் தம்பி பஞ்சாட்சரம் வந்தான். மலைக்குப் போய்வருகிறோம் என்று இரண்டு பேரும் கிளம்பினார்கள்.

நாலு மணிக்குக் கண்ணையன் மட்டும் திரும்பினார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கியது. அவருக்கு முன்னால் வாடை உள்ளே வந்தது.

"விரதத்துல குடிச்சிட்டா வர்றீங்க?"

"குடி இல்ல, மருந்து" என்றார் நாக்குக் குழற. "ஒந்தம்பிதான் சொன்னான். பாவா, பாவக்கா கசப்பு, வேப்பிலை கசப்பு, கசப்பு சர்க்கரைய முறிச்சிடும், பிராந்தி அத்தவிடக் கசப்புன்னான். சர்க்கரை மாத்திரையும் ரெண்டா போட்டுகினேன். குத்து, பாப்போம்!"

பக்தியெல்லாம் ஒரு டம்ளர் டீக்குத்தான் என்று தமயந்திக்குத் தெரிந்துபோனது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தியே குத்தினாள். மிஷின் நாற்பத்தாறு என்றது.

அவளால் நம்பவே முடியவில்லை. ஒன்பது வருஷமாக ஏறத் தெரிந்ததே தவிர இறங்கத் தெரியாத சர்க்கரை! கோபத்துக்கு நடுவிலும் பூரித்துப்போய், காலண்டரில் கொட்டை எழுத்தில் எழுதினாள். ஆனால் குடித்துவிட்டு வந்தவருக்கு டீ ஒரு கேடா?

"ஜெயிச்சிட்டீங்க. ஆனா டீ கெடையாது. பச்சத்தண்ணிய குடிச்சிட்டுப் படுங்க."

கண்ணையன் நாற்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க யாரும்மா?" என்றார், ரொம்ப மரியாதையாக.

முப்பது வருஷத்தில் ஒருநாளும் அவர் அவளை நீங்க என்றதில்லை. தமயந்தி சிரித்துவிட்டாள். "ஆங், நடிப்பைப் பாரு!"

அவர் சிரிக்கவில்லை. "எங்க ஊட்ல தேடுவாங்க, நான் போவணும்" என்று எழப்பார்த்து, அப்படியே சரிந்தார். "ஆலிமா!" என்று கத்தினாள் தமயந்தி.

பக்கத்து வீட்டு மெக்கானிக் சத்தாரின் மனைவி ஆலிமா ஓடிவந்து, அவரைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள்.

"நாப்பத்தாறா! எங்கம்மாவுக்கு இப்டித்தான் ஆச்சுக்கா. கொறையறதுக்கும் ஒரு அளவு இருக்குது, இது ஆளையே கொண்டுபோயிடும். வெறும் வயித்துல வேற குடிச்சிருக்காரு. சர்க்கரை எடு, சீக்கிரம்!"

விருந்தாளிகளுக்கென்று உளுந்து டப்பாவுக்குள் ஒரு டப்பி சர்க்கரையை ஒளித்து வைத்திருந்தாள் தமயந்தி. ஓடிப்போய்த் திறந்தாள். காலி. எறும்புக்குக்கூட மிச்சம் வைக்காமல் துடைத்திருந்தார் மனுஷன். வாராவாரம் முந்நூறு எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் விளங்கியது. திட்ட நேரமில்லை.

ஆலிமாதான் தன் வீட்டுச் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு வந்தாள். "முழுங்குறாரான்னு பாத்துப் பாத்துக் குடுக்கா." ஒன்பது வருஷமாக அவர் வாயிலிருந்து இனிப்பைப் பிடுங்கிய அதே கையால், தமயந்தி ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். 'முருகா, இவர் விரதத்தைப் பார்க்காதே, என் விரதத்தைப் பார்' என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

சத்தார் ஒரு ஆட்டோவைப் பிடித்துவந்து, கிருத்திகைக் கூட்டத்தை ஹாரனாலேயே பிளந்துகொண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டு மாத்திரையின் வேகம் இன்னும் இருக்கிறது, சர்க்கரை மறுபடி இறங்கலாம், நாளை வரை இங்கேயே இருக்கட்டும் என்றார் நர்ஸ்.

தமயந்தி கட்டிலோரம் உட்கார்ந்து, கணவனுக்கு ஒன்று, தம்பிக்கு இரண்டு என்று வசவுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். அரைமணி கழித்துக் கண்ணையன் கண்ணைத் திறந்தார்.

"தமயந்தி" என்றார். "இப்ப எவ்ளோ காட்டுது?"

தன் பேரைக் கேட்டதும் அவள் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஊசி குத்திய அவர் விரலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"எவ்ளோவோ இருந்துட்டுப் போவட்டும்யா. நீ இரு."