பெட்டி கட்டுவதற்கு முன்

பனியன் கம்பெனியில் ஏற்றுமதிச் சரக்குக்கு இன்சூரன்ஸ் எடுப்பது சித்ரகலாவின் வேலை. பெட்டிகளை ஒட்டி, எடை போட்டு, லாரியில் ஏற்றும் நாளில்தான் எடுப்பாள். சிங்கப்பூரில் தம்பிக்குப் பிறந்திருக்கும் குழந்தையைப் பார்க்க அப்பா மாரப்பனை அடுத்த மாதம் அழைத்துப் போகவும் அதே முறையைத்தான் நோட்டில் எழுதி வைத்திருந்தாள்: இன்சூரன்ஸ், கிளம்பும் நாள் காலை. போகாவிட்டால் பணம் திரும்பாத டிக்கெட். இன்னொரு முறை டிக்கெட் எடுக்கக் கையில் பணமில்லை. சரிதானா என்ற சந்தேகத்தில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் தரணிக்குப் போன் செய்தாள்.

"ஏனுங்க, உங்கப்பா என்ன பனியன் பெட்டிங்களா?" என்று சிரித்தார் தரணி. "பெட்டிக்கு லாரி ஏறுன பொறகுதான் ஆபத்து. மனுசருக்குக் கிளம்பறதுக்கு முந்தின வாரமே காய்ச்சல் வருமுங்க. இப்பவே எடுத்தாத்தான், போக முடியாட்டியும் டிக்கெட் காசு கைக்கு வரும்."

சித்ரகலா அன்று மாலையே எடுத்துவிட்டாள்.

விவரம் கேட்ட மாரப்பன், "அப்ப எனக்குக் காய்ச்சல் வந்தாலும் கவலையில்லைன்னு சொல்லு கண்ணு" என்றார்.

"வரட்டுமுங்கப்பா. பேத்திக்குப் பதிலா அந்தக் காசைத் தூக்கி வெச்சுக் கொஞ்சிக்குங்க."

மாரப்பன் அந்தச் சித்திரை வெக்கையிலும் மப்ளரை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.