இருநூறைத் தாண்டாத வீடு

மின்சார ஆபீசிலிருந்து வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதுகிற மனிதர் அவர். தெருவில் எல்லோரும் ரீடிங்காரர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'யூனிட்டு'. அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். தெரிந்தும் கோபப்பட்டதில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெருமைக்குக் காரணம் உண்டு. இரண்டு மாதத்துக்கு இருநூறு யூனிட்டுக்குள் எரித்தால் ஒரு ரேட்டு. இருநூற்றொன்று ஆகிவிட்டால் அந்த ஒன்றுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே புது ரேட்டு. பில் ஏறக்குறைய இரண்டு பங்காகிவிடும். எத்தனையோ வீடுகளில் இருநூற்று மூன்று, இருநூற்று ஐந்து என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்து, அந்த வீட்டு அம்மாக்கள் தலையில் கை வைப்பதைப் பார்த்தவர் அவர். தன் வீட்டில் அது நடக்க விடமாட்டேன் என்று ஒரு வைராக்கியம். பதினோரு வருஷமாக நடக்கவும் இல்லை.

இதெல்லாம் சும்மா வருமா? ஆள் இல்லாத அறையில் விளக்கு எரியக் கூடாது. பாத்ரூமுக்கு விளக்கே வேண்டாம். தன் வீட்டுக்குள் பத்தடி நடக்க வெளிச்சம் எதற்கு என்பார். இஸ்திரிப் பெட்டி வீட்டிலேயே கிடையாது, தெருமுனையில் இஸ்திரிக்கடை அக்கா இருக்கிறாளே. எல்லாவற்றுக்கும் மேலாக ஃபிரிட்ஜ். காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது அதன் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். சாயங்காலம் ஐந்துக்கு வந்துதான் மாட்டுவார்.

"லோகத்துலயே லீவு எடுக்கிற ஃபிரிட்ஜு எங்க வீட்லதான் இருக்கு," என்பாள் மனைவி, சிரித்துக்கொண்டே. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவர் கெடுபிடியையும் கேலியாக்கிக்கொண்டு முப்பது வருஷம் ஓட்டியவள் அவள். அவருக்கும் அவள் என்றால் உயிர், அதில் குறை சொல்ல முடியாது. அந்த உயிரை அவரே எப்படி வாங்கினார் என்பதுதான் கதை.

அவளுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் டாக்டர், "இனிமே ஊசிதான்மா, காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, நீங்களே வயித்துல போட்டுக்கலாம்," என்று சொல்லிவிட்டார். மருந்துக்கடைக்காரர் குப்பியைக் கொடுத்து, "குளிர்ல வைங்க," என்றார். அவள் கொண்டுவந்து ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் வைத்தாள். சாயங்காலம் வந்து தொட்டுப் பார்த்த ரீடிங்காரருக்குப் பகீரென்றது. குப்பி வெதுவெதுவென்று இருந்தது.

"என்ன இது, குளிர்ல வைக்கணும்னு சொன்னாரே?"

"பகல் பூரா ஆஃப்ல கிடந்தா எப்படிங்க குளிரும்? இனிமே பிடுங்காதீங்களேன்."

"இருநூறு தாண்டிடும்மா. இரு, வேற வழி இருக்கு."

வழி இருக்கத்தான் இருந்தது. ஃபிரிட்ஜுக்குள் மேலே ஐஸ் பெட்டி. பத்து மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டாலும் அங்கே ஐஸ் முழுதாக உருகாது. இரண்டு ஐஸ் தட்டுகளுக்கு நடுவே குப்பியைச் சொருகி வைத்தார். மறுநாள் சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் விரல் ஒட்டிக்கொள்கிற குளிர். "பாத்தியா, எப்படி!" என்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். இடத்தை அடைக்கிறது என்று மருந்தின் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டார். அதற்குள் மடித்து வைத்திருந்த தாளும் கூடவே குப்பைக்குப் போயிற்று. இருட்டு மூலையில் டார்ச் அடித்து மீட்டர் எண்ணைப் படிக்கிற மனிதர், நல்ல வெளிச்சத்தில் கையிலிருந்த அந்தத் தாளைப் படிக்கவில்லை.

அன்றிலிருந்து ஊசி போடும் நேரத்துக்கு முன்னால் அவள் குப்பியை எடுத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, ஐஸ் கரைகிற வரை உருட்டுவாள். கை மரத்துப்போகும். உதறிக்கொண்டு மறுபடியும் உருட்டுவாள்.

அடுத்த மாதம் ரத்தத்தைச் சோதித்தார்கள். சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டர் ஊசியின் அளவைக் கூட்டினார். அதற்கடுத்த மாதம் இன்னும் ஏறியிருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஊசியும் போட்டு இவ்வளவு ஏறுதுன்னா ஒரே அர்த்தம்தாம்மா. வாயைக் கட்டல நீங்க."

"ஐயோ, இல்லீங்க டாக்டர். நான் எதுவும்..."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

வெளியே வந்ததும் ரீடிங்காரர் கேட்டார், "உண்மையச் சொல்லு. திங்கிறியா?"

"உங்க மேல சத்தியமா இல்லீங்க."

அவர் நம்பியிருக்கலாம். முப்பது வருஷத்தில் அவள் அவரிடம் ஒரு பொய் சொன்னதில்லை. ஆனால் அவர் தொழில் அப்படி. 'நாங்க ஒண்ணுமே எரிக்கலியே, எப்படி இவ்வளவு வந்துச்சு?' என்று கேட்காத வீடு கிடையாது. ஆள் பொய் சொல்லலாம், எண் பொய் சொல்லாது என்பது அவர் சித்தாந்தம். ரத்தச் சோதனைச் சீட்டில் இருந்ததும் எண்தானே!

வீட்டுக்கு வந்து சர்க்கரை டப்பாவின் வெளிப்பக்கத்தில், சர்க்கரை நிற்கிற மட்டத்துக்குப் பென்சிலால் கோடு போட்டார். தினமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பத்து நாளாகியும் மட்டம் இறங்கவில்லை. இறங்கவில்லை என்றால் அவள் தின்னவில்லை என்றுதானே அர்த்தம்? இவருக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டில் இல்லையென்றால் வெளியே தின்கிறாள் என்று முடிவு கட்டினார். அப்புறம், சொல்லவே எனக்கு ஆத்திரமாக வருகிறது, அந்தத் தெருவில் மீட்டர் பார்க்கப் போன ஒவ்வொரு வீட்டிலும் வாய் கூசாமல் சொல்லிவைத்தார்.

"எங்க வீட்டம்மா வந்தா இனிப்பு எதுவும் குடுத்துடாதீங்க. திருட்டுத்தனமா திங்கிறா. டாக்டரே சொல்லிட்டாரு."

தெரு எப்படிப்பட்ட தெரு! சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. அவள் போனால் தட்டை மூடினார்கள். அவள் சிரிப்பதை நிறுத்தினாள்.

மாதங்கள் போகப் போக உடம்பு இளைத்தது. ஓயாத தாகம். குடிக்கிற தண்ணீருக்கு அடிக்கடி பாத்ரூம். விளக்குப் போட்டால் அவர் முகம் சுளிப்பார் என்று இருட்டிலேயே போய், ஒருநாள் நிலைப்படியில் இடித்துக் கால் கட்டைவிரல் கிழிந்துவிட்டது. அந்தப் புண் ஆறவே இல்லை. சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தாள். அப்புறம் அதிலும் பாதி. சர்க்கரை மட்டும் இறங்கக் காணோம்.

"என்னங்க," என்றாள் ஒரு காலையில், சமையலறை அலமாரிச் சாவியை அவர் கையில் திணித்து. "இத நீங்களே வச்சுக்குங்க. தூக்கத்துல எழுந்து போய்த் திங்கிறேனோ என்னமோ. எனக்கே தெரியல."

அவர் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நாலு நாள் கழித்து ஒரு சாயங்காலம். இரண்டு மாதக் கணக்கு முடிகிற நாள். வாசல் மீட்டருக்கு முன்னால் நின்று கடைசி எண்ணைக் கழித்துக்கொண்டிருந்தார். தெருவிலிருந்து அவள் நொண்டி நொண்டி, மூச்சிரைக்க வந்தாள். எத்தனையோ நாளுக்கப்புறம் முகத்தில் ஒரு தெளிவு.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும். நான் இப்பதான் எல்லார்..."

அவர் திரும்பாமலேயே கையைக் காட்டினார். "இரு இரு, கணக்குத் தப்பிடும்." கழித்து முடித்தார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. "தப்பிச்சோம்டி! ரெண்டே ரெண்டு யூனிட்டு!" என்று திரும்பினால் அவள் உள்ளே போயிருந்தாள். கேட்டதற்கு, ஒண்ணுமில்லை என்றாள். அவரும் அதோடு விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் காய்ச்சல். புண் கணுக்கால்வரை கறுத்திருந்தது. பேச்சு குழறியது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வழியில் அவர் தோளில் சாய்ந்திருந்தவள் கண்ணைத் திறந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க," என்றாள். "இனிமே திங்க மாட்டேன்."

கேட்டதும் அவர் நெஞ்சுக்குள் என்ன வந்தது தெரியுமா? அப்பாடா, ஒருவழியாக ஒத்துக்கொண்டாள் என்று ஒரு நிம்மதி. "சரி, விடு," என்று பெருந்தன்மையாக அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் வயதான நர்ஸ் ஒருத்தி தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். எத்தனை வருஷமா சர்க்கரை, எப்போதிலிருந்து ஊசி, கடைசியாக எப்போது போட்டது. எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னார்.

"மருந்த எங்க வச்சிருந்தீங்க?"

"ஐஸ் பெட்டியிலம்மா. ரெண்டு ஐஸ் தட்டுக்கு நடுவுல. பகல்ல ஃபிரிட்ஜ் ஆஃப்ல இருந்தாலும் கல்லு மாதிரி இருக்கும். ஒருநாள்கூட வெளிய வச்சதில்ல."

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினாள்.

"உறைஞ்சா அது மருந்தே இல்லய்யா. ஒருதடவை உறைஞ்சு கரைஞ்சாலே வேலை செய்யாது. எத்தனை மாசமா இப்படி?"

"ஆறு," என்றார். பிறகுதான் நர்ஸ் சொன்னது உள்ளே இறங்கியது. "அப்ப... அவ திங்கலியா?"

"தின்னாங்களோ இல்லியோ. ஆறு மாசமா உடம்புல மருந்தே போகல."

கட்டிலுக்கு ஓடினார். அவள் காதோரம் குனிந்து, "நீ திங்கலடி. நான்தான். கேக்குதா? நீ திங்கல," என்று சொன்னார். மறுபடி மறுபடி சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

வீட்டில் கூட்டம். "பாவம், வாயை மட்டும் கட்டியிருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பா," என்றாள் தூரத்து உறவுக்காரி ஒருத்தி. அப்போதாவது மனிதர் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனார். அடுத்த மாதம் தன் தெருவிலேயே ரீடிங். சொல்லிவிடுவது, வீடு வீடாகச் சொன்னதை வீடு வீடாகப் போய்த் திருப்பி எடுப்பது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் கிளம்பினார். முதலில் தெருமுனை இஸ்திரிக்கடை. அக்கா சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். மீட்டருக்குப் போகாமல் அவள் மேஜைக்கு எதிரே நின்றார்.

"அக்கா, எங்க வீட்டம்மா எதையும் திருடித் திங்கல. நான் சொன்னது பொய். மருந்தக் கெடுத்தது நான்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வருமென்று காத்திருந்தார். வரவில்லை.

"அவ திங்கலன்னு எங்களுக்குத் தெரியுமே."

"எப்படி?"

"அந்தப் புண்ணுக்காலோட வீடு வீடா வந்தாளே, உங்களுக்குத் தெரியாதா? 'அக்கா, நான் இங்க வந்து ஏதாவது வாங்கித் தின்னேனா? எனக்குத்தான் மறந்துபோச்சோ?'ன்னு கேட்டா. ஒரு வீடு விடல. இல்லடி பைத்தியக்காரின்னு எல்லாருந்தான் சொன்னோம். இங்கதான் கடைசி. நான் சொன்னதும் ஒரே அழுகை. அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு, 'அவர்கிட்ட சொல்லணும், மொதல்ல போய்ச் சொல்லணும்'னு அந்தக் காலோட ஓடினா." அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "சொல்லலியா உங்ககிட்ட?"

ரீடிங்காரர் கையிலிருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்ல வந்தாக்கா," என்றார். "நான் ரீடிங் பாத்துட்டிருந்தேன்."

அவள் சொல்ல வந்த அன்றைக்கு எண் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அது மட்டும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.