பிரபுவின் வீங்கிய கால்

எங்கள் மடத்தின் வாசலைக் காத்தவர் கிசெல்மோ சகோதரர். வருகிறவர் யாரானாலும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்பது எங்கள் ஒழுங்கு. அதனால் முதலில் காலைக் கழுவுவோம்; பிறகுதான் பெயரைக் கேட்போம்.

பனி கொட்டிய ஒரு காலையில் கரி சுடும் பெப்போ ஓடி வந்து எங்கள் கோயிலின் பலிபீடத்தைக் கட்டிக்கொண்டான். பிள்ளை பெற்றுக் கிடந்த மனைவிக்குச் சாறு வைக்க, ரைனால்தோ பிரபுவின் காட்டில் மான் பிடித்திருந்தான். அகப்பட்டால் வலது கை போகும். பீடத்தைப் பற்றியவனைத் தொடக் கூடாது என்பது எங்கள் மலை வழக்கம். ஆனால் பிரபு அந்த வழக்கத்தை அடுத்த பள்ளத்தாக்கில் ஏற்கெனவே மிதித்தவர்.

சற்று நேரத்தில் ஆட்களோடு அவரே வந்துவிட்டார். கிசெல்மோ வாசலில் வெந்நீர் நிரப்பிய கல்தொட்டியருகே நின்றார்.

“வழிய விடுய்யா சாமி. உள்ள ஒரு திருடன் இருக்கான்.”

“இருக்கான் பிரபு. மொதல்ல உக்காருங்க, கால் கழுவணும்.”

“கால் கழுவவா வந்தேன்?”

“நொண்டிக்கிட்டு வர்றீங்களே. எந்தக் கால்?”

“இடது, சாமி!” என்றான் பின்னால் நின்ற ஆள் ஒருவன். “பூட்ஸ் கழட்ட முடியல. அந்தக் கோவமெல்லாம் எங்க மேலதான்.”

மற்றவர்கள் சிரிப்பை விழுங்கினார்கள். பிரபுவை அவருடைய வலியே உட்கார வைத்தது. கிசெல்மோ பூட்ஸின் தையலைப் பொறுமையாகப் பிரித்தார். கறுத்து வீங்கிச் சீழ் வைத்திருந்த காலை முகம் சுளிக்காமல் மடியில் வைத்துக் கழுவினார், துணி சுற்றினார், பாதத்தை முத்தமிட்டு ஒரு ரொட்டியை நீட்டினார்.

“இதத் தின்னா நான் உங்க விருந்தாளி ஆயிடுவேன்ல?” என்றார் பிரபு. ரொட்டி தின்ற வீட்டில் கை ஓங்கியவனுக்கு எங்கள் மலையில் எவரும் பெண் கொடுப்பதில்லை.

“தின்னாட்டியும் விருந்தாளிதான் பிரபு. பசி மட்டும் மிச்சம்.”

சொல்லிவிட்டுக் கிசெல்மோ உள்ளே போய், பெப்போவின் கையைப் பீடத்திலிருந்து மெல்ல விடுவித்தார். மடத்துத் தலைவர் பதறிப்போனார். “உனக்கென்ன பைத்தியமாப்பா?”

“ஓடி வந்த அவசரத்துல இவனுக்குக் கால் கழுவ மறந்துட்டோம் சாமி.”

பெப்போ வாசலுக்கு வந்து பிரபுவின் பக்கத்தில் உட்கார்ந்தான். பனியில் வெறுங்காலோடு ஓடிய பாதங்கள் வெடித்து ரத்தம் கசிந்தன. கிசெல்மோ அதே மடியில் அவற்றை வைத்து, அதே மென்மையோடு கழுவினார். தொட்டி நீர் சிவந்தது. அந்த நீரையே பிரபு பார்த்துக்கொண்டிருந்தார். வாளின் மேல் இருந்த அவர் கை மெதுவாக ரொட்டிக்கு வந்தது. இரண்டாகப் பிட்டார்.

“புடி. பொண்டாட்டி எப்படி இருக்கா?”

“பால் சுரக்கல பிரபு.”

“மான் எங்க?”

“உங்க ஆளுங்க பிடுங்கிட்டாங்க.”

“டேய்! அத இவன் வீட்டுல கொண்டுபோய்க் குடுங்கடா. ஏன்டா, என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல? கேட்டாத் தரமாட்டேன்னா நெனச்ச?”

“ஆமாம் பிரபு.”

முதலில் சிரித்தவர் பிரபுதான். மடத்துத் தலைவர் ஓடிப்போய்த் தாமே மணிக்கயிற்றை இழுத்தார். பள்ளத்தாக்கு முழுக்க மணி கேட்டு ஓடி வந்த சனங்கள், பிரபுவின் குதிரை மேல் இரண்டு கையோடும் பெப்போ வீட்டுக்குப் போவதைக் கண்டார்கள்.

இப்போது கிசெல்மோ புனிதர். அவர் திருநாளில் வருடம் முழுக்கச் சண்டை போட்டவர்களெல்லாம் அந்தக் கல்தொட்டிக்கு வந்து, ஒருவர் காலை ஒருவர் கழுவிவிடுகிறார்கள். மணியடிக்கிற கயிறு மட்டும் பெப்போவின் வம்சத்தார் கையில்தான்.