கோணல் மரத்துக்கு நேர் விலை

அரசாங்கக் காட்டில் இனிமேல் பாதி மரம்தான் வெட்டலாம் என்று உத்தரவு வந்த வாரம், என்னைக் கண்டாலே ஒதுங்கிப் போகும் நாலு பேர் என் முட்டிவலியை விசாரித்தார்கள். எனக்கு முட்டிவலி கிடையாது. அப்பா விட்டுப்போன எண்பது மரம்தான் உண்டு.

நான் முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன். ஒருமுறை செத்துக் கிடந்தவரை, தூங்குவதுபோல நடிக்கிறார் என்று மூன்று ஸ்டேஷன் வரை எழுப்பிக்கொண்டு போனேன். அவரிடம் டிக்கெட் இருந்தது, அது வேறு விஷயம்.

அப்படிப்பட்டவன் வீட்டுக்கு, மரம் அறுக்கும் மில் வைத்திருக்கும் என் மைத்துனன் ஒரு கூடை ஆரஞ்சோடு வந்தான். வெறுங்கையோடு வந்து, போகும்போது எதையாவது எடுத்துப் போகிற ஜாதி அவன்.

“அத்தான், கட்டை வராம மில்லு ரெண்டு நாளா நிக்குது. நாப்பது மரம் குடுங்க. போன மாச விலைக்கு ஒண்ணரை மடங்கு தர்றேன். சுத்தளவு எடுத்துக் கன அடிக்கு இவ்ளோன்னு...”

“உன் டேப்பு ரப்பர் டேப்பு, மச்சான். அளவே வேணாம். மரத்துக்கு இவ்ளோன்னு பேசு.”

“சரி.”

உடனே சரி என்றதும் அவன் கொண்டுவந்த ஆரஞ்சை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன்.

“ஆனா சீக்கிரம் வெட்டணும். அடுத்த மாசமே உத்தரவைத் திரும்ப வாங்கிடுவாங்களாம். அப்ப விலை படுத்துரும்.”

“என் தம்பியைக்கூடவா சந்தேகப்படுவீங்க?” என்றாள் மனைவி, உள்ளேயிருந்து.

“உன் தம்பிங்கறதாலதான் கம்மியா படறேன்.”

என் மரங்களில் நாற்பது நேர், நாற்பது கோணல். கோணல் என்றால் சும்மா இல்லை. ஒரு மரத்தில் ஏறிய அணில் பக்கத்து ஆளின் நிலத்தில்தான் இறங்கும். இன்னொன்றின் நிழலுக்கே வழி தெரியாது. அந்த நாற்பதை அவன் தலையில் கட்டிவிட்டு, நேர் மரங்களை விலை உச்சிக்கு ஏறும்வரை வைத்திருப்பது என் திட்டம். மழைக்கு ஆறு பாத்திரம் வைக்கும் எங்கள் வீட்டின், இன்னும் போடாத புதுக் கூரை அந்த நேர் மரங்களின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

வெட்டுகிறவர்கள் தவறிப்போய் அவற்றைத் தொட்டுவிடக் கூடாதே! வெள்ளை பெயிண்ட் வாங்கி, நேர் மரம் நாற்பதிலும் நெஞ்சு உயரத்தில் வட்டம் போட்டேன். மோர் கொண்டுவந்த மனைவி வட்டங்களைப் பார்த்துவிட்டுப் போனாள். “மார்க் போட்டாச்சு, உன் ஆளுங்க பாத்தாலே புரியும்” என்று மட்டும் மைத்துனனிடம் சொன்னேன். அதற்கு மேல் சொன்னால் காட்டைப் பார்க்க வந்துவிடுவான்.

வெட்டு நாளன்று நான் வன அலுவலகத்தில் இருந்தேன். உத்தரவைத் திரும்ப வாங்குகிறார்கள் என்ற பேச்சு அவன் கிளப்பியதா என்று தெரிய வேண்டாமா? இரண்டு மணி நேரம் பெஞ்சைத் தேய்த்த பிறகு குமாஸ்தா சொன்னார்: “திரும்ப வாங்கறதா? அஞ்சு வருஷத்துக்குக் கிடையாது பெரியவரே. இன்னும் குறைப்பாங்க.”

அவரைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவர் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

என் காட்டுக்குப் போனேன். கோணல் நாற்பதும் நின்றன. நேர் மரம் ஒன்றுகூட இல்லை.

வெட்டுக்கூட்டத்தின் மேஸ்திரி ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். “வட்டம் போட்டதுல ஒண்ணு விடல பெரியவரே. இருபது வருஷம் அரசாங்கக் காட்டுல வெட்டினவங்க நாங்க. அங்க வேலை போனதாலதான் இங்க வந்தோம். வட்டம் போட்டா வெட்டணும், போடாததைத் தொட்டா ஜெயிலு. இவ்ளோ அழகா வட்டம் போட்ட முதலாளியை நாங்க பாத்ததே இல்ல.”

வீட்டுக்கு வந்தால், மைத்துனன் பணத்தோடு உட்கார்ந்திருந்தான். பேசியதில் ஒரு பைசா குறையவில்லை. மனைவிக்குக் கண் கலங்கியிருந்தது.

“என் தம்பிக்கு நல்ல மரமாப் பாத்துக் குடுத்திருக்கீங்க. உங்களைப் போய்த் தப்பா நெனச்சேனே!”

இல்லை, கோணலைத்தான் தள்ளப் பார்த்தேன் என்று சொன்னால்தான் நான் நியாயம் கேட்க முடியும். வாயைத் திறந்தேன், கொட்டாவி விட்டு மூடிக்கொண்டேன். பணம் பாதிக் கூரைக்குத்தான் வரும்.

“அத்தான், மிச்சம் இருக்கற கோணல் நாப்பதையும் குடுங்க” என்றான் மைத்துனன். “இதுக்கு மட்டும் அளந்துதான் விலை.”

“மேஸ்திரியைப் பாத்தியா?”

“இல்லையே, நேரா பேங்குல இருந்து வர்றேன்.”

“அப்ப மிச்சம் கோணல்னு உனக்கு யாரு சொன்னா?”

அவன் தன் அக்காவைப் பார்த்தான். அவளுக்கு அப்போதுதான் அடுப்பில் ஏதோ வைத்தது நினைவுக்கு வந்தது. எழுந்து போனாள். அடுப்பை அன்று யாரும் பற்றவே வைக்கவில்லை.