ஆணிக்கடைக்காரர் மாப்பிள்ளையின் வீடு

மடாரென்று சத்தம். பக்கத்து ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்த மாமனார் தராசை அப்படியே விட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடிவந்தார். தூசி அடங்கியபோது, சரிந்து கிடந்த ப்ளைவுட் சுவருக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளையும் அந்தப் பக்கம் மகளும் பேயறைந்த மாதிரி நின்றார்கள்.

ஆணி, ஸ்க்ரூ எதுவும் இல்லாமல், பலகைக்குள் பலகையைச் செருகியே நிற்கிற ஒற்றை அறை வீடு. வரைந்தது மாப்பிள்ளை, வெட்டியது மகள். ஏரிக்கரையில் விடுதி நடத்தும் அம்மையார் மறுநாள் காலையில் வருகிறார். அவர் கண்ணெதிரே அதைப் பிரித்து மறுபடி பூட்டிக் காட்டினால் பத்து வீடுகளுக்கு ஆர்டர். சொதப்பினால் பட்டறையை மூடிவிட்டு மாமனாரின் கல்லாவில் உட்கார வேண்டியதுதான்.

“வீடு கட்டுறீங்களா, சீட்டுக்கட்டு அடுக்குறீங்களா?” என்று கேட்டுவிட்டு மாமனார் போய்விட்டார்.

மகள் பலகையை அளந்தாள். புதிதாக வந்த ப்ளைவுட் அரை மில்லி மெலிசு. செருகும் பள்ளமோ பழைய கனத்துக்கு வெட்டியது. ஆடாமல் என்ன செய்யும்? பலகை விற்றவனைத் திட்டித் தீர்த்தபின், மர ஆப்புகள் சீவி இடுக்குகளில் இறுக்கினார்கள். சாயங்காலம் மாப்பிள்ளை தோளால் முட்டிப் பார்த்தார். சுவர் அசையவில்லை. மனைவியையும் முட்டச் சொன்னார். தினமும் உங்களோடு முட்டிக்கொள்வது போதாதா என்றாள் அவள்.

காலையில் அம்மையார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆப்புகள் கழன்றன, கூரை இறங்கியது, மூன்று சுவர்கள் சமர்த்தாகப் பிரிந்தன. நாலாவது மட்டும் அடம்பிடித்தது. மாப்பிள்ளை இழுத்தார், மகள் தட்டினாள். அம்மையார் கடிகாரத்தைப் பார்த்தார். குனிந்து தேடிய மகளின் விரலில், மரத்தூள் பூசி மறைத்த ஸ்க்ரூ ஒன்று தட்டுப்பட்டது.

அம்மையார் அதைக் கழற்றச் சொன்னார். வீட்டை மறுபடி பூட்டியதும் தானே உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்தார், செருப்புக் காலால் ஓர் உதையும் விட்டார். வீடு அசரவில்லை. இது இல்லாமலே நிற்கிறதே, பிறகு எதற்கு என்றபடி ஸ்க்ரூவை மகள் கையில் கொடுத்து, ஆர்டரையும் கொடுத்துவிட்டுப் போனார்.

பட்டறையின் இன்னொரு சாவி அப்பாவிடம்தான் இருந்தது. மகள் விறுவிறுவென்று கடைக்குப் போய் ஸ்க்ரூவை மேஜைமேல் வைத்தாள். எங்களைக் கவிழ்க்கத்தானே இந்த வேலை என்று கேட்டாள். பின்னாலேயே மாப்பிள்ளையும் வந்து நின்றார். மாமனார் துடைத்த தராசையே மறுபடி துடைத்தார்.

“கவுக்க இல்லம்மா. மறுபடி விழும்போது நீங்க ரெண்டு பேரும் அதுக்கு அடியில நின்னா? எனக்குத் தூக்கமே வரல.”