மூன்றாவது அடிக்கு முன்னால்

தங்கச்சியைக் கோரஸ் பாடத்தான் கூப்பிட்டிருந்தான் அண்ணன். "வந்து நாலு 'ஓ... ஓ...' போட்டுட்டுப் போ, அரை மணி நேர வேலை" என்றான் போனில். அவளும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மதியம் லீவு சொல்லிவிட்டு, கையில் சோப்பு வாசனை போகாமல் வந்து நின்றாள். ஸ்டூடியோ என்று பேர்தான் பெரிது. ஒரு மாடியில் இரண்டு அறைகள், நடுவில் கண்ணாடி, சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முதல் அடியிலேயே அவளுக்குப் பிடிபட்டது. அது அவள் போட்ட மெட்டு.

மூன்று மாதத்துக்கு முன், படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே முனகி, போனில் பதிந்து, "எப்படி இருக்கு?" என்று அவனுக்கு அனுப்பியது. "சுமார்தான்" என்று பதில் போட்டான் அந்த மகராசன். போனில் இடமில்லையென்று அவள் அதை அழித்தும் விட்டாள். அண்ணனிடம் இருக்கிறதே என்ற தைரியம். தைரியம் வைக்க நல்ல ஆளாகத்தான் பார்த்தாள்!

"இது நான் அனுப்பினதுதானே?"

"நீ என்னமோ முனகி அனுப்பின. நான் பாட்டாக்கினேன். முனகலுக்கெல்லாம் பேர் போடுவாங்களா?"

மேஜை மேல் பாட்டை வெளியிடுவதற்கான படிவம் கிடந்தது. 'இசை' என்ற இடத்தில் அவன் பேர், இனிஷியலோடு, கொட்டை எழுத்தில். இதுவரை அவள் பேர் அச்சில் ஏறியது சலவைக்கூட அடையாள அட்டையில் மட்டும்தான். இந்த மெட்டின் மேல் தன் பேர் வேண்டும், அதை வாங்காமல் இந்தப் படி இறங்கக் கூடாது என்று அங்கேயே முடிவு கட்டினாள்.

அந்த நேரம் பார்த்து டிரம்ஸ்காரன் உள்ளிருந்து வியர்வையோடு வந்தான். "சார், மூணாவது அடிக்கு முன்னாடி ரெண்டு தட்டு கூடுதலா வருது. ஒவ்வொரு தடவையும் இடறுது. அது எதுக்குன்னு சொன்னீங்கன்னா பிடிச்சுக்குவேன்."

அண்ணன் நாற்காலியில் சாய்ந்தான். "அது மௌனம், தம்பி. பாட்டுல வர்ற பொண்ணு அங்க காத்திருக்கா. பாட்டோட உயிரே அங்கதான் இருக்கு. அது வர்றதுக்குள்ள எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல."

அவள் சிரித்தாள். யாரும் கூடச் சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு இல்லை அது.

"அது எங்க சலவைக்கூடத்துல துணி காயவைக்கிற மூணாம் நம்பர் டிரையர் கதவு. தாழ்ப்பாள் போச்சு, ஓடும்போதே திறந்துக்கும். பாடறதை நிறுத்திட்டு ஒரு உதை விட்டேன். அப்புறம்தான் மூணாவது அடி."

"உளறாத!"

ஒலிப்பதிவு இன்ஜினியரின் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒலிப்பட்டைகள் ஓடின. எல்லாவற்றுக்கும் மேலே, சத்தம் அடைக்கப்பட்டு, மங்கலாக ஒரு பட்டை. 'தங்கச்சி முனகல்' என்று பேர் வேறு. அதற்கு நடுவே ஆணி அடித்த மாதிரி ஒரு கோடு நின்றது.

"அதைப் போடுங்க சார்" என்றாள்.

"போடாதே" என்றான் அண்ணன்.

நாலு நாளாக மௌனத்தின் பெருமையைக் கேட்டுக் காது புளித்துப்போன இன்ஜினியர், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, போட்டார்.

முனகல். இரண்டு அடி. டமார்! "மூடித் தொலை!" பிறகு மூன்றாவது அடி, ஒன்றுமே நடக்காதது மாதிரி.

டிரம்ஸ்காரன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். பக்கத்துப் பையனின் விடைத்தாளைப் பேரோடு சேர்த்துக் காப்பியடித்த கதைதான். உதைச் சத்தத்தை அடைத்தவனுக்கு, உதைக்காக அவள் பாட்டை நிறுத்திய இடத்தை மூடத் தெரியவில்லை.

"அந்த இடைவெளியே வேணாம், வெட்டி எறி!" என்று கத்தினான் அண்ணன்.

வெட்டினார்கள். டிரம்ஸ்காரன் ஒரு தடவை முழுசாக வாசித்துப் பார்த்தான். எங்கேயும் இடறவில்லை, எங்கேயும் நிற்கவும் இல்லை. பாட்டு வழவழவென்று ஓடி முடிந்தது. குச்சிகளைக் கீழே வைத்தான். "சப்புன்னு இருக்கு சார். அக்கா உதைச்சாதான் நிக்குது."

அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். "இப்ப என்னதாங்கற?"

"இசைங்கற இடத்துல என் பேர். உன் பேர் வேணும்னா கீழ போட்டுக்கோ."

"கூடப் பொறந்தவன்கிட்ட இப்படிப் பேச வெக்கமா இல்ல?"

"கூடப் பொறந்தவகிட்ட எடுத்தப்ப உனக்கு இருந்துச்சா?"

"இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத."

"வீடு அம்மா பேர்ல இருக்கு. அதையும் அடிச்சு உன் பேரைப் போட்டுட்டியா?"

அவன் பேனாவை எடுத்துத் தன் பேரை அடித்து அவள் பேரை எழுதிய வேகத்தில் படிவம் கிழிந்தது. இன்ஜினியர் புதுப் படிவம் ஒன்றை நீட்டினார். அதில் அவள் பேர் மேலே, அவன் பேர் கீழே. அவள் இரண்டு தடவை படித்துப் பார்த்து, மடித்து இன்ஜினியரிடமே கொடுத்தாள். அண்ணனிடம் கொடுக்க அவளுக்கென்ன பைத்தியமா?

உள்ளே போய் ஹெட்போனை மாட்டினாள். வெட்டிய இடைவெளியைத் திரும்பச் சேர்த்து, உதைக்க அவள் காலடியில் ஒரு காலி மரப்பெட்டியை வைத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். இரண்டு அடி பாடி நிறுத்தினாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு பெட்டியை உதைத்தாள். அந்தப் பக்கம் அவன் ஒரு அடி பின்வாங்கினான்.

"சரியா விழுந்துச்சு" என்று இன்ஜினியரின் குரல் காதில் வந்தது. "எதுக்கும் இன்னொரு தடவை எடுத்துக்கலாமா?"

"எத்தனை தடவை வேணும்னாலும்" என்றாள்.