பெலிக்ஸ் போட்ட மூன்று கோல்

அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவன் பொன்னுதுரைதான். 1957 மார்ச் மாதம், மலாக்கா நகர ஹாக்கிப் போட்டிகள் தொடங்க இரண்டு வாரம் இருந்தபோது, காஜா பெராங் வட்டாரத்துக் கோப்பிக்கடை ஒன்றில் மூன்று நண்பர்களை உட்காரவைத்து விளக்கினான்.

"மொத்தம் ஆறு டீம். அதுலேருந்து நாம ஆளுக்கு அஞ்சு பேரைப் பொறுக்கிக்கிறோம். எந்த டீம் ஆளா இருந்தாலும் சரி. ஒருத்தன் எடுத்த ஆளை இன்னொருத்தன் எடுக்கக்கூடாது. நம்ம ஆளு கோல் போட்டா மூணு புள்ளி. பேக் ஆடுறவனுக்கு, அவன் டீம் கோல் வாங்காம வந்தா ரெண்டு புள்ளி. கடைசியில யாருக்குப் புள்ளி கூடவோ அவன் ஜெயிச்சான்."

"நாம ஓட வேணாமா?" என்று கேட்டான் காதர் மைதீன். ஜாலான் பெண்டஹாரா தெருவில் அவன் அத்தாவுக்குத் துணிக்கடை. பகலெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தே இருப்பதால் உடம்பு பெருத்துப்போயிருந்தது.

"வேணாம். உக்காந்து பாத்தா போதும்."

"அப்ப நானும் ஆடுறேன் லா."

பொன்னுதுரைக்கும் ஓட முடியாது. நான்கு ஆண்டுகளுக்கு முன்வரை அவன் காஜா பெராங் அணியின் நடு முன்னணி ஆட்டக்காரன். ஒரு மழைநாள் ஆட்டத்தில் வலது முழங்கால் முறிந்தது. எலும்பு கூடியது, கால் பழையபடி மடங்கவில்லை. அதற்குப் பிறகு பஸ் கம்பெனியில் டிக்கெட் கணக்கு எழுதும் கிராணி வேலை, வீடு, சனிக்கிழமை திடலோரத்தில் ஒரு பெஞ்சு என்று நாள் ஓடியது. அவனுக்கு வயது முப்பத்திரண்டு.

மூன்றாவது ஆள் தியாகு, ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். நான்காவது கருணாகரன். நால்வரில் அவன் ஒருவன்தான் இன்னும் நிஜமாக ஹாக்கி ஆடினான். தந்திக் கம்பம் ஏறும் வேலை பார்த்தவன். காஜா பெராங் அணியின் பேக், பின்னணிக் காவலன். பொன்னுதுரையும் அவனும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரே அணி. முழங்கால் முறிந்த அன்று பொன்னுதுரையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலைவரை நடந்தவன் அவன்.

சீட்டுக் குலுக்கி ஆட்களைப் பிரித்தார்கள். பொன்னுதுரைக்கு முதல் வாய்ப்பு வந்தது. உஜோங் பாசிர் அணியின் பெலிக்ஸை எடுத்தான். போர்த்துகீசிய மீனவக் குடும்பத்துப் பையன், இருபது வயது, பந்து கிடைத்தால் விடமாட்டான். தன்னையே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு விதி போட்டிருந்ததால் கருணாகரனைக் காதர் எடுத்தான்.

"என்னைய எடுத்துட்டியா. இனி உனக்காகவும் சேத்து ஆடணும்" என்றான் கருணாகரன்.

சனிக்கிழமைகளில் பண்டார் ஹிலிர் திடலில் ஆட்டம். ஞாயிறு காலை கோப்பிக்கடையில் பொன்னுதுரை புள்ளிகளைப் படிப்பான். இரண்டு வாரத்திலேயே இந்த விளையாட்டு நால்வரையும் பிடித்துக்கொண்டது. தியாகு ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட வந்த ஆட்டக்காரர்களிடம் துப்பு விசாரித்தான். காதர் கடையைச் சாத்திவிட்டுத் திடலுக்கு வந்து அத்தாவிடம் திட்டு வாங்கினான். ஆனால் பொன்னுதுரை அளவுக்கு யாரும் மூழ்கவில்லை. டிக்கெட் மேசையில் உட்கார்ந்திருக்கும்போதும் பெலிக்ஸ் அடுத்து யாரோடு மோதுகிறான் என்றே நினைத்தான். நான்கு வருஷமாக அவன் எதிலும் ஜெயிக்கவில்லை. இதில் ஜெயிக்க முடியும் என்று தோன்றியது.

மே மாதத்தில் ஒரு ஆட்டத்தில் பெலிக்ஸ் காஜா பெராங்குக்கு எதிராகவே கோல் போட்டான். பொன்னுதுரை தன்னை மறந்து எழுந்து கைதட்டினான். சுற்றி நின்ற காஜா பெராங் ஆட்கள் திரும்பி முறைத்தார்கள். ஆட்டம் முடிந்து வந்த கருணாகரன் சிரித்தான்.

"எனக்குக் கேட்டுச்சுடா. நல்லாத்தான் தட்டுன."

அதே மாதம் இன்னொரு செய்தி வந்தது. ஆகஸ்டில் மலாயாவுக்குச் சுதந்திரம் என்பது முன்பே தெரிந்ததுதான். அதையொட்டிச் செப்டம்பர் முதல் வாரம் மாநிலங்களுக்கிடையே ஹாக்கிப் போட்டி. மலாக்கா அணிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்க மூன்று பேர் கொண்ட குழு நகரப் போட்டிகளைப் பார்க்க வருகிறது. பத்து வருஷமாக ஆடியும் கருணாகரனுக்கு மாநிலச் சட்டை கிடைத்ததில்லை. குழுவில் இருந்த மாணிக்கவாசகம் வாத்தியார் அவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டதாகப் பேச்சு அடிபட்டது. கருணாகரனின் மனைவி கோகிலா அதைக் கேட்டுத் தெருவில் நான்கு வீட்டுக்குச் சொல்லிவிட்டாள்.

கடைசி ஆட்டம் ஜூலை இரண்டாவது சனிக்கிழமை. காஜா பெராங்கும் உஜோங் பாசிரும் மோதுகின்றன. குழு மொத்தமும் வருகிறது. நால்வரும் காகிதத்தில் புள்ளி எழுதி நடத்திய காகித லீக்கில் தியாகு முதலிடம். பொன்னுதுரை அவனைவிட ஏழு புள்ளி குறைவு. பெலிக்ஸ் மூன்று கோல் போட்டால்தான் தாண்ட முடியும்.

வியாழக்கிழமை மாலை கருணாகரன் பொன்னுதுரை வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகம் சுளித்தான்.

"கம்பத்துலேருந்து இறங்கறப்ப வழுக்கிடுச்சுடா. இடது கணுக்கால். நேரா ஓட முடியுது. இடப்பக்கம் சட்டுனு திரும்பத்தான் முடியல."

"தியாகுகிட்ட காட்டுனியா?"

"காட்டுனா ஆடக்கூடாதும்பான். கோகிலாவுக்கும் தெரியாது. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். இந்த ஒரு ஆட்டத்தை ஓட்டிட்டா போதும். அப்புறம் ஒரு மாசம் ரெஸ்ட் எடுத்துக்கலாம்."

பொன்னுதுரை உள்ளே போய்த் தைலம் எடுத்துவந்து கொடுத்தான். துணியை எப்படி இறுக்கிக் கட்டுவது என்றும் காட்டினான். அந்த நேரத்தில் அவன் மனத்தில் வேறு எதுவும் இல்லை.

மறுநாள் காலை பாசாருக்கு மீன் வாங்கப் போனான். பெலிக்ஸ் அப்பாவோடு நின்று கெம்போங் மீனை எடை போட்டுக்கொண்டிருந்தான். இருவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள். நாளைக்கு எத்தனை கோல் என்று பொன்னுதுரை கேட்டான். உங்கள் பின்னணி ஆளைத் தாண்டுவது கஷ்டம், போன தடவை ஒன்றுதான் முடிந்தது என்றான் பெலிக்ஸ்.

பொன்னுதுரை மீன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். இரண்டு எட்டு நடந்தான். பிறகு திரும்பி வந்தான்.

"அவனுக்கு இடது பக்கமாகப் போய்ப் பார்" என்றான்.

பெலிக்ஸ் ஏன் என்று கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். பொன்னுதுரை வீட்டுக்கு நடந்தான். சாதாரணமாகத் திடலில் நிற்கும் யாரும் சொல்லும் யோசனைதான் அது என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். வீடு வந்துசேரும்போது அதை அவனாலேயே நம்ப முடியவில்லை. திரும்பிப் பாசாருக்குப் போய் அப்படிச் சொன்னது தப்பு என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை.

சனிக்கிழமை முதல் பாதியிலேயே பெலிக்ஸ் இரண்டு கோல் போட்டான். இரண்டு முறையும் கருணாகரனின் இடப்பக்கமாகத்தான் நுழைந்தான். கருணாகரன் திரும்பினான், கால் வரவில்லை, மட்டை காற்றில் போயிற்று. மூன்றாவது கோலின்போது அவன் விழுந்தே விட்டான். விழுந்தவன் எழுந்து, பந்து வலைக்குள் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான். காதர் "என்னாச்சு இவனுக்கு?" என்றான். தியாகு எழுந்து நின்று, "கால்ல ஏதோ இருக்கு" என்றான். பொன்னுதுரை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

காகித லீக்கில் அவன் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தான். ஞாயிறு காலை கோப்பிக்கடைக்கு அவன் போகவில்லை.

அடுத்த வாரம் மலாக்கா அணியின் பெயர்ப்பட்டியல் வெளியானது. பதினாறு பேரில் கருணாகரன் இல்லை. ஆனால் கீழே மாற்று ஆட்கள் இரண்டு பேரில் அவன் பெயர் இருந்தது. "யாருக்காச்சும் காய்ச்சல் வந்தா நான்தான்" என்று அவன் காதரிடம் சொல்லிச் சிரித்தானாம்.

அதைக் கேட்டபோதுதான் பொன்னுதுரைக்கு ஒரு வழி தெரிந்ததுபோல் இருந்தது. அன்று மாலையே மாணிக்கவாசகத்தின் வீட்டைத் தேடிப் போனான். வாத்தியார் அவனைப் பழைய ஆட்டக்காரனாக ஞாபகம் வைத்திருந்தார். உட்காரச் சொன்னார்.

"சார், அன்னைக்கு ஆடுனது கருணாகரனோட ஆட்டமே இல்ல. அவனுக்குக் கணுக்கால்ல அடி. அதை வச்சு முடிவு பண்ணிடாதீங்க. நீங்க அவனைப் பதினாறுல சேக்கணும்."

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடிபட்டுத்தான் ஆடுனாரா? எங்ககிட்ட சொல்லலையே."

"சொன்னா எடுக்கமாட்டீங்கன்னு பயந்துட்டான் சார்."

"பொன்னுதுரை, போட்டிக்கு ஆறு வாரம்தான் இருக்கு. மாத்து ஆளுன்னா எப்ப கூப்பிட்டாலும் இறங்கணும். அடியை மறைக்கிற ஆளை நான் எப்படி நம்பி வச்சிருக்கிறது? நல்லவேளை சொன்னீங்க."

பொன்னுதுரை ஏதேதோ சொல்லிப் பார்த்தான். தான் பெலிக்ஸிடம் பேசியதைக்கூடச் சொன்னான். அவர் அதை ஒரு மாதிரியான முகத்தோடு கேட்டுக்கொண்டார். "அது உங்க ரெண்டு பேருக்கும் உள்ள விஷயம்" என்று எழுந்துவிட்டார். மூன்று நாளில் மாற்று ஆட்களின் வரிசையிலிருந்து கருணாகரனின் பெயர் எடுக்கப்பட்டது.

அதற்கு மேல் பொன்னுதுரையால் பொறுக்க முடியவில்லை. கருணாகரன் வேலை முடிந்து வரும் வழியில், சாலையோரத்தில் காத்திருந்தான். நொண்டிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவனிடம் ஒன்றுவிடாமல் சொன்னான். பாசார், பெலிக்ஸ், வாத்தியார் வீடு. கருணாகரன் சைக்கிளைப் பிடித்தபடியே நின்று கேட்டான்.

"பெலிக்ஸ்கிட்ட சொன்னது எனக்குத் தெரியும்" என்றான் கடைசியில். "ஆட்டம் முடிஞ்சதும் அந்தப் பையனே வந்து, இடது கால் எப்படி இருக்குன்னு கேட்டான். நான் உன்னைத் தவிர யார்கிட்டயும் சொல்லல."

"அப்ப ஏன் என்னைய ஒண்ணும் கேக்கல?"

"கேட்டு என்ன பண்றது? உன்னால ஆட முடியல. அந்தக் காகிதத்துலயாச்சும் ஜெயிச்சுட்டுப் போகட்டும்னு விட்டேன்." சைக்கிளை உருட்டப் போனவன் திரும்பினான். "ஆனா வாத்தியார் வீட்டுக்கு எதுக்குடா போன? மாத்து ஆளாவாச்சும் அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் பெஞ்சுல உக்காந்திருப்பேன்ல."

"உனக்கு நல்லது பண்ணலாம்னுதான்..."

"எனக்கா?"

கருணாகரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

கணுக்கால் வீக்கம் இறங்கவே இல்லை. எலும்பில் கீறல் இருந்தபடியே ஆடியிருக்கிறான், இனி ஓடினால் கம்பம் ஏறும் வேலையும் போய்விடும் என்று தியாகு ஆஸ்பத்திரியில் விசாரித்துச் சொன்னான். கருணாகரன் மட்டையைச் செங் என்ற ஊரில் இருந்த தன் மச்சானுக்குக் கொடுத்துவிட்டான். தியாகுவும் காதரும் கோப்பிக்கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. ஆனால் பொன்னுதுரை வந்தால் பேச்சு குறைந்தது. கருணாகரன் சொன்னானோ, வாத்தியார் சொன்னாரோ, அவர்களுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. காகித லீக்கைப் பற்றிப் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை.

சுதந்திரம் வந்தது. ஊர் முழுக்கக் கொடி. செப்டம்பரில் மாநிலப் போட்டி தொடங்கிய அன்று பொன்னுதுரை திடலுக்குப் போகவில்லை. கருணாகரன் வீட்டுக்குப் போனான். கோகிலா கதவைத் திறந்தாள்.

"உள்ளதான் இருக்காரு அண்ணே" என்றாள். "உங்களப் பாக்க வேணாம்னுட்டாரு. கோவம்னு சொல்லல. வேணாம்னு மட்டும்தான் சொன்னாரு."

"அப்புறமா வரட்டுமா?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். வர வேண்டாம் என்றுதான் ஆட்டினாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். பொன்னுதுரை மடங்காத காலை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.